ஏ டேங்க், பி டேங்க்

ஹென்னூரில் நாலாவது மாடி.
அதற்கு மேல் தகரமும் பச்சை வலையும்.
இடுப்புயரத்தில் பதினான்கு வெள்ளைக் குழாய்கள்,
முந்நூற்றெட்டு ஓட்டைகள்.
ஓட்டைக்கு ஒரு கூடைக் குவளை,
குவளைக்குள் களிமண் உருண்டைகள்.
மண் என்று இங்கே இருப்பது அது மட்டும்தான்,
அதையும் சுட்டுத்தான் அனுப்புகிறார்கள்.

மகளின் பள்ளிப் படிவத்தில்
தாயின் தொழில் என்ற இடத்தில்
விவசாயம் என்று எழுதிக் கொடுத்தேன்.
வகுப்பாசிரியை கூப்பிட்டு,
ஊரில் எத்தனை ஏக்கர் என்றார்.
லிட்டரில்தான் தெரியும், மேடம்.
அறுநூறு.

சமையல் இதுதான்:
ஏ டேங்கில் கால்சியம் நைட்ரேட், துரு நிறத்தில் இரும்பு.
பி டேங்கில் மக்னீசியம் சல்பேட், மிச்ச உப்புகள்.
இரண்டும் கெட்டியாய் நேருக்கு நேர் சந்திக்கக் கூடாது.
சந்தித்தால் திரிந்து வெளுத்து
சுண்ணாம்பு போல அடியில் படியும்,
எந்த வேருக்கும் உதவாது.
முதலில் பெரிய தொட்டி நிறையத் தண்ணீர்.
அதில் ஏ. நன்றாகக் கலக்கு.
பிறகு பி.
அவ்வளவு இடைவெளி கிடைத்தால்
சண்டையில்லாமல் ஒரே வேருக்குள் போய்விடும்.

ஏ, புட்டராஜுவின் பொறுப்பு.
மூடியில் கன்னடத்தில் எழுதி வைத்திருக்கிறான்.
பி என்னுடையது. தமிழில்.
மண்டியாக்காரன்.
ஒரு செப்டம்பரில், டிவியில் அணையைக் காட்டிய வாரம்,
பியூலா அக்கா பியூலா மேடம் ஆனாள்.
நானும் விடவில்லை.
அதற்குப் பின் மீட்டர் காட்டியதை மட்டும் சொன்னேன்:
ஒன்று புள்ளி ஆறு.
ஐந்து புள்ளி ஒன்பது.

மார்ச், புதன்கிழமை, மதியம் இரண்டு மணி.
கரண்ட் போனது.
இன்வர்ட்டர் இருபது நிமிடம் முனகிவிட்டு அடங்கியது.
பம்ப் நின்ற பிறகுதான்
இத்தனை நாளும் ஒரு சத்தத்துக்குள் இருந்தது தெரிந்தது.
குழாய் மூடியைத் தூக்கினேன்.
வெள்ளை வேர்கள்,
அலசிய நூல்கண்டு மாதிரி,
எதையும் பற்றிப் பழகாதவை.
தரையில் நின்ற செடிக்கு
மண் இரண்டு நாள் கடன் கொடுக்கும்.
இங்கே கடன் கிடையாது.
ஒரு மணி நேரம். இந்த வெயிலில் அதுவும் சந்தேகம்.

முதலாளி விமான நிலையத்திலிருந்து
ஏதாவது பண்ணுங்க என்றார்.

குளியல் மக் இரண்டு:
பச்சை, கைப்பிடி உடைந்த நீலம்.
அவன் தொட்டியில் மொண்டு நீட்ட
மேட்டுப் பக்கத்தில் நான் ஊற்ற
காலி மக் அவனிடம், நிறைந்தது என்னிடம்,
பதினாலாவது குழாய் முடியும்போது
முதல் குழாய் காய்ந்திருக்கும்.
அவன் எண்ணினான், நானும் எண்ணினேன்.
ஒந்து எரடு மூரு என்று அந்தப் பக்கம்,
ஒன்று இரண்டு மூன்று என்று இந்தப் பக்கம்.
ஆறு வரும்போது மட்டும்
இரண்டு வாயிலும் ஒரே சொல்.
அதை இரண்டு பேரும் கவனித்தோம்,
கவனிக்காத மாதிரி ஏழுக்குப் போனோம்.

ஐந்தேகாலுக்கு விளக்கு எரிந்தது.
பம்ப் இருமியது, காற்றைத் துப்பியது, ஓடியது.
கடைசி வரிசையில் பதினொரு லெட்யூஸ்
தலை சாய்ந்தது சாய்ந்ததுதான்.
கணக்கு நோட்டில் எழுத வேண்டும்.

எழுதுவதற்கு முன்
அதில் ஒன்றைப் பிடுங்கி
பாதி கிழித்து நீட்டினான்.
இரண்டு வருடம் வளர்த்திருக்கிறேன்,
தின்றதில்லை.
தட்டு ஒன்று நானூறு ரூபாய்க்குப் போகிற இலை.
மென்றான். நெற்றி சுருங்கியது.
"நீரு," என்றான்.

சரிதான். ருசி என்று ஒன்றுமில்லை,
கடித்தால் உடையும் தண்ணீர்.
என் பாஷையில் அந்தச் சொல்லுக்கு
எதிரே நிற்பவர் என்றும் ஒரு பொருள் உண்டு.
சொல்லவில்லை.

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து
காகிதப் பொட்டலத்தைப் பிரித்தான்.
"உப்பு பேக்கா, அக்கா?"

ஏ உப்பா, பி உப்பா என்று கேட்க
வாய் வரை வந்தது.
பேக்கு என்றேன்,
ஈரக் கையை நீட்டி.